உள்ளங்கைச் சீனி

(இரத்தினபுரி மாவட்டத் தோட்டமொன்றின் கோயில் மண்டபத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

சற்று முன் இந்த மண்டபத்துக்குள் நுழைந்ததும் ஒரு தங்கச்சி எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். ஒரு வாய் குடித்தேன், நாக்கு ஒட்டிக்கொண்டது. சீனியைக் குறைப்பது பற்றிப் பேச வந்தவனுக்கு மூன்று கரண்டி சீனி! "என்ன தங்கச்சி, இவ்வளவு போட்டிருக்கீங்க?" என்று கேட்டேன். "சேர் தூரத்துல இருந்து வந்திருக்கீங்க, அதான்" என்றார். அந்தப் பதிலுக்குப் பிறகு மிச்சம் வைக்க மனம் வரவில்லை. முழுவதையும் குடித்துவிட்டுத்தான் இங்கே நிற்கிறேன். ஆகவே இன்றைய பேச்சில் முதல் குற்றவாளி நான்தான்.

அந்தத் தங்கச்சி சொன்னதில்தான் நம்முடைய கதையே இருக்கிறது. நம் லயத்து வீடுகளில் சீனி என்பது வெறும் இனிப்பு இல்லை. அது மரியாதை. வந்தவருக்குச் சீனி குறைத்துக் கொடுத்தால் கஞ்சத்தனம் என்பார்கள். மழையில் நனைந்து, காலில் அட்டை கடித்த இரத்தத்தோடு மலையிலிருந்து இறங்கி வருகிறவளுக்கு அது ஆறுதல். இதையெல்லாம் மறந்துவிட்டு "சீனியை நிறுத்து" என்று சொல்லிவிட்டுப் போகிறவர் பேச்சு, அவர் ஏறி வந்த வண்டி மறையும் வரைக்கும்தான் நிற்கும்.

என் அம்மா கொழுந்து பறித்தவர். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். 1973, 74-ஆம் ஆண்டுகளில் நாட்டில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது எனக்குப் பதினொரு வயது. அரிசியும் மாவும் சீனியும் கூப்பனுக்குத்தான். தோட்டங்களில் பசியால் செத்தவர்கள் உண்டு. இங்கே நரைத்த தலையோடு இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த நாட்களில் என் அம்மா கேத்தலில் சீனி போடமாட்டார். வெறும் சாயத்தைக் குவளையில் ஊற்றிவிட்டு, எங்கள் ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் நகத்தளவு சீனி வைப்பார். நாக்கு நுனியால் அதைத் தொட்டுத் தொட்டு ஒரு குவளைத் தேத்தண்ணியையும் குடித்து முடிக்க வேண்டும். என் அக்கா கெட்டிக்காரி. குவளை காலியான பிறகும் அவள் கையில் நாலு மணிச் சீனி மிச்சம் இருக்கும். அதை என்னிடம் காட்டிக் காட்டித் தின்பாள்.

1977-க்குப் பிறகு சந்தை திறந்தது, சீனி தாராளமாக வந்தது. அப்பா வாங்கி வந்த முதல் நாள் அம்மா கேத்தலுக்குள்ளேயே கை நிறைய அள்ளிப் போட்டார். நான்கு வருடம் பிள்ளைகளின் கையில் எண்ணி எண்ணி வைத்த தாய் அவர். அந்த அள்ளலை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அன்றைக்குக் கேத்தலுக்குள் போன சீனி பிறகு வெளியே வரவில்லை. கேத்தலில் போட்ட சீனிக்கு அளவும் இல்லை, ஆளும் இல்லை. யார் எவ்வளவு குடித்தார் என்று யாருக்கும் தெரியாது.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். நம் பாட்டன் பூட்டன்மார் கங்காணியின் பின்னால் இங்கே வந்து முதலில் கோப்பியிலும் பிறகு தேயிலை, ரப்பரிலும் வேலை செய்தார்கள். சென்னைத் துறைமுகத்தில் ‘ட்ரூரோ’ என்ற கப்பலில் ஏறிய இன்னொரு கூட்டம், 1860 நவம்பர் 16-இல் தென்னாபிரிக்காவின் டர்பனில் இறங்கிக் கரும்புத் தோட்டத்துக்குப் போனது. மொரீசியசுக்கும் பிஜிக்கும் போனவர்கள் வெட்டியதும் கரும்புதான். அண்ணன் தேயிலைக்கு, தம்பி கரும்புக்கு. இருவர் உழைப்பும் எங்கே போய்ச் சந்தித்தது? இங்கிலாந்தில் ஆலைத் தொழிலாளியின் கோப்பையில். சிட்னி மின்ட்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1985-இல் சீனியின் வரலாற்றை ஒரு நூலாக எழுதினார். சூடான சாப்பாட்டுக்கு வசதியும் நேரமும் இல்லாத தொழிலாளிக்குச் சீனி போட்ட தேநீரும் ரொட்டியும் ஜாமும் எப்படிச் சாப்பாடாகவே மாறின என்று அதில் காட்டுகிறார். விலை குறைவு, சமைக்க நேரம் வேண்டாம், உடனே தெம்பு வரும். ஆலைக்காரனுக்குச் சொன்னது தோட்டத்துக்காரனுக்கும் அப்படியே பொருந்துகிறது. நாம் அனுப்பிய கோப்பை சுற்றி வந்து நம் வீட்டிலேயே நிற்கிறது.

இனிக் கணக்கு. கொழுந்து நிறுக்கும்போது அரைக் கிலோ கழித்தால் சும்மா விடுவோமா? இரத்தினபுரிக்காரர் இரத்தினக் கல்லைக் கரட்டில் நிறுப்பவர்கள். ஒரு கரட் என்பது 200 மில்லிகிராம். இவ்வளவு நுணுக்கமாக நிறுக்கத் தெரிந்த ஊரில் சீனியை மட்டும் யாரும் நிறுப்பதில்லை. மட்டமாக எடுத்தால் ஒரு தேக்கரண்டிச் சீனி 4 கிராம். நாம் குவித்து எடுப்பது எப்படியும் 5 கிராம் வரும், அதாவது 25 கரட். காலையில் எழுந்ததும் ஒன்று, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மாலையில் ஒன்று, இரவு ஒன்று என்று ஐந்து குவளை வையுங்கள். குவளைக்கு மூன்று கரண்டி. ஒரு நாளைக்கு 75 கிராம். வருடத்துக்கு 27 கிலோவுக்கு மேல். ஒரு ஆளுக்கு ஒரு மூட்டை!

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன அளவு, வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 50 கிராமுக்கு உள்ளே. 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது. நாம் தேத்தண்ணியில் மட்டுமே அதைத் தாண்டிவிடுகிறோம்.

"சேர், தீபாவளிக்குப் பலகாரம் சாப்பிடுறதுதான் பிரச்சினை" என்று சிலர் சொல்வார்கள். தீபாவளி, பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, அம்மன் திருவிழா எல்லாம் சேர்ந்து வருடத்தில் பத்து நாள். மிச்சம் 355 நாளும் கோப்பைக்குத்தான் சொந்தம். பலகாரத்தை மன்னித்துவிடுங்கள், கோப்பையை விசாரியுங்கள்.

இனிப்பின் மேல் வரும் இந்த ஆசை எங்கிருந்து வருகிறது? நமக்கு மனஉறுதி இல்லை என்று ஒரு பேச்சு இருக்கிறது. அதிகாலையில் எழுந்து, சமைத்து, பிள்ளைகளைப் பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டு, சரிவான மலையில் கூடையோடு நிற்கிறவளுக்கா மனஉறுதி இல்லை? விசயம் வேறு.

என் அப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர் நேரத்தில்தான் ரப்பர் பால் நன்றாக வடியும் என்பதால் விடியுமுன் கிளம்பிவிடுவார். வயிற்றில் போவது இனிப்பான சாயத்தண்ணி மட்டும். அடுத்த சாப்பாடு பத்து மணி ரொட்டி. இடையில் உடம்புக்குள் நடப்பது இதுதான். வளர்ந்த ஒருவர் உடம்பில் சுமார் 5 லீட்டர் இரத்தம் ஓடுகிறது. வெறும் வயிற்றில் அந்த இரத்தம் முழுவதிலும் கரைந்திருக்கும் குளுக்கோஸ் 4, 5 கிராம்தான், ஒரே ஒரு கரண்டி. அதற்குள் மூன்று கரண்டிச் சீனி ஒரேயடியாகத் தண்ணீரில் கரைந்து இறங்குகிறது. கணையம் பதறி இன்சுலினைச் சுரந்து சர்க்கரையை இறக்குகிறது. சிலருக்கு அது தேவைக்கும் கீழே இறங்கிப் போகும். தலை கிறுகிறுக்கும், கை கால் சோரும், மறுபடி இனிப்பைத் தேடும். மறுபடி தேத்தண்ணி. நாம் ஆசை என்று பெயர் வைத்திருப்பதில் பெரும்பகுதி பசி. பசிக்குச் சோறு போடாமல் சீனி போட்டால் அது திரும்பத் திரும்ப வந்து வாசலில் நிற்கும்.

பத்து மணி ரொட்டியும் வெள்ளைக் கோதுமை மாதான். அதுவும் வயிற்றில் வேகமாகச் சர்க்கரையாகிறது. அதனால்தான் வயிறு நிறைய ரொட்டி தின்ற பிறகும் இனிப்புக் கேட்கிறது.

பசி ஒரு பாதி என்றால் பழக்கம் மறுபாதி. மாலை நாலரை மணிக்கு நம் தோட்டத்து ரோட்டில் ஒரு சத்தம் கேட்குமே! சிரிக்கிறீர்கள். ஆமாம், பாணும் பணிஸும் விற்று வரும் சூன் பாண். அந்த முச்சக்கரவண்டியில் வரும் இசை பீத்தோவன் என்ற ஜெர்மானியர் 1810-இல் எழுதியது. அவர் செத்து நாற்பது வருடம் கழித்து 1867-இல்தான் அச்சேறியது. அதே 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிடத் தொடங்கினார். இரண்டும் ஒன்றாக வந்து நம் லயத்து வாசலில் நிற்கின்றன. அந்த இசை காதில் விழுந்ததும், பசி இருக்கிறதோ இல்லையோ, பிள்ளைகள் வாயில் எச்சில் ஊறுகிறது. மேலே சீனி பூசிய கிம்புலா பணிஸ் கண்ணுக்கு முன் வந்து நிற்கிறது. வண்டிக்காரத் தம்பியின் பிழைப்பில் மண் போடச் சொல்லவில்லை. அந்த நேரத்துக்கு முன்னால், நாலு மணிக்கே பிள்ளையின் வயிற்றில் ஒரு கிண்ணம் அவித்த கடலையோ கௌபியோ போயிருந்தால், பீத்தோவனைப் பாட்டாக மட்டும் கேட்கலாம்.

போத்தல் பானங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016 ஆகஸ்ட் 1 முதல் இந்த நாட்டில் இனிப்புப் பானங்களின் போத்தலில் நிறக் குறியீடு இருக்கிறது. அப்போது வகுத்தபடி, 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை, இடைப்பட்டது மஞ்சள். 2017 நவம்பரில் மங்கள சமரவீர நிதியமைச்சராக முன்வைத்த வரவு செலவுத் திட்டத்தில், பானத்தில் உள்ள ஒவ்வொரு கிராம் சீனிக்கும் 50 சதம் வரி என்றுகூட அறிவித்தார்கள். மஞ்சள் நிறத்தைப் பார்த்து நிம்மதியடையாதீர்கள். 100-க்கு 10 கிராம் என்றாலும் அந்தக் கணக்கில் மஞ்சள்தான். 400 மில்லிலீட்டர் போத்தல் ஒன்றைக் குடித்தால் 40 கிராம், நம் கரண்டிக்கு எட்டு.

இன்னொரு சமாதானமும் கேட்கிறேன். "நாங்க சீனி போடுறதில்ல சேர், கித்துள் கருப்பட்டிதான்." சபரகமுவ கித்துளுக்குப் பேர் போன இடம். பாணியும் கருப்பட்டியும் மணமும் ருசியும் உள்ளவை, மறுக்கவில்லை. ஆனால் இரத்தத்துக்கு மணம் தெரியாது. கருப்பட்டியிலும் பெரும்பகுதி சீனிதான், சிவப்புச் சீனியும் தேனும் அப்படியே. ஒரு நன்மை உண்டு. கருப்பட்டியை நாம் கேத்தலில் போடுவதில்லை, கையில் வைத்துக் கடித்துத்தான் குடிப்போம். கடிக்கும்போது கணக்குத் தெரியும்.

செயற்கை இனிப்பு மாத்திரையும் வழி இல்லை. உடல் எடையைக் கட்டுப்படுத்த அவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. நாக்கு இனிப்பை மறக்கப் பழக வேண்டிய நேரத்தில் அது இன்னும் இனிப்பிலேயே ஊறிக்கிடக்கும்.

இப்போது தாய்மாருக்கு. 2016-ஆம் ஆண்டு தேசியக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டங்களில் 32 பேர். எடை குறைந்து பிறந்து, ஊட்டம் குறைந்து வளரும் பிள்ளையின் உடம்பு சிக்கனத்துக்குப் பழகிவிடுகிறது, பின்னால் தாராளம் வரும்போது அதைத் தாங்காமல் நீரிழிவில் விழுகிறது என்று ஹேல்ஸ், பார்க்கர் என்ற இரண்டு ஆங்கில விஞ்ஞானிகள் 1992-இல் எழுதினார்கள். மலையில் உழைத்த தலைமுறைக்குச் சீனி எரிந்து போனது. பிள்ளைகள் கொழும்பில் கடையில் நிற்கிறார்கள், தையல் மெசினில் இருக்கிறார்கள், காவல் வேலையில் நாற்காலியில் இருக்கிறார்கள். மலையும் கூடையும் விட்டுப்போய்விட்டன, மூன்று கரண்டி மட்டும் கூடவே போயிருக்கிறது. 2005, 2006-இல் நடந்த ஆய்விலேயே இந்த நாட்டில் வளர்ந்தவர்களில் பத்துக்கு ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. நகரத்தில் அது இன்னும் அதிகம். என் அக்காவுக்கும் அது கொழும்பில் மகன் வீட்டுக்குப் போன பிறகுதான் வந்தது.

இங்கிலாந்திலும் சீனிக்குக் கூப்பன் இருந்தது தெரியுமா? 1940-இல் தொடங்கி 1953 செப்டெம்பரில் எடுத்தார்கள். எடுத்ததும் சனங்கள் சாப்பிடும் சீனி கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. அந்தக் கூப்பன் காலத்தில் கருவில் இருந்தவர்களையும் தவழ்ந்தவர்களையும், அதற்குப் பிறகு பிறந்தவர்களையும் ஒப்பிட்டு ஒரு ஆய்வு 2024-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. முதல் ஆயிரம் நாள் சீனி குறைந்து வளர்ந்தவர்களுக்கு, வயதான பிறகு நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 35 பங்கு குறைவு. பசியை யாரும் வேண்டிக் கொள்ள மாட்டோம். அவர்களுக்கு மற்றச் சாப்பாடு ஓரளவு கிடைத்தது, சீனி மட்டும் அளந்து வந்தது. ஆகவே தாய்மாரே, பால் போத்தலில் சீனித் தேத்தண்ணி ஊற்றிப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். இரண்டு வயது வரை அந்த நாக்குக்குச் சீனியை அறிமுகப்படுத்தாமல் இருந்தால், நீங்கள் எழுதி வைக்கும் சொத்து அதுதான்.

சரி, செய்வது எப்படி? ஒரே நாளில் நிறுத்துகிறவர் மூன்றாம் நாள் இரட்டிப்பாகப் போடுவார். அமெரிக்காவில் மோனெல் ஆய்வு மையத்தில் சிலருக்கு மூன்று மாதம் சீனி குறைந்த சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். 2016-இல் முடிவு வந்தது. மாதங்கள் போகப் போக, பழைய அளவு இனிப்பே அவர்கள் நாக்குக்குக் கூடுதல் இனிப்பாகத் தெரிந்தது. நாக்குப் படிக்கும். அதற்கு நாள் கொடுக்க வேண்டும்.

மூன்று கரண்டிக்காரர் இரண்டரை ஆக்குங்கள். இரண்டு வாரம் அப்படியே. பிறகு இரண்டு, பிறகு ஒன்றரை, பிறகு ஒன்று. தீபாவளி முடிந்து ஆரம்பித்தால் தைப்பொங்கலுக்குள் ஒரு கரண்டியில் நிற்கலாம். ஐந்து குவளை, ஐந்து கரண்டி, 25 கிராம். வீட்டில் சொல்லிக்கொண்டுகூடச் செய்ய வேண்டாம், அரைக் கரண்டி யார் கண்ணுக்கும் தெரியாது. இஞ்சி தட்டிப் போட்டால் சாயத்துக்கு ஒரு காரம் வரும், சீனி குறைந்தது மறைந்து போகும்.

அடுத்தது, மலைக்குப் போகுமுன் வயிற்றில் ஏதாவது திடமாக விழ வேண்டும். இரவே அவித்து வைத்த கௌபி, பயறு, கடலை. முடிந்த நாளில் ஒரு முட்டை. வல்லாரைக் கஞ்சி. ரொட்டிதான் என்றால் பாதி குரக்கன் மா கலந்து சுடுங்கள். சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதைக் கேட்பவர்களின் முகம் எனக்குத் தெரிகிறது. எல்லாம் விலைதான். ஆனால் மாதத்தில் குறைக்கும் ஒவ்வொரு கிலோ சீனியும் கையில் மிஞ்சும் காசு. அந்தக் காசைத் தனியாக வைத்துப் பயறு வாங்குங்கள். மாலையில் இனிப்புக் கேட்டால் கொய்யா இருக்கிறது, பப்பாசி இருக்கிறது, காலத்தில் ரம்புட்டான் இருக்கிறது. பழமாகச் சாப்பிடுங்கள், பிழிந்து சீனி போடாதீர்கள். நித்திரையையும் மறக்காதீர்கள். நித்திரை குறைந்த உடம்பு மறுநாள் இனிப்பைத்தான் கேட்கும்.

ஏற்கெனவே மருந்து எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மாத்திரையைப் போட்டுக்கொண்டோ இன்சுலின் ஏற்றிக்கொண்டோ வெறும் வயிற்றோடு மலை ஏறாதீர்கள். திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, கண் இருண்டால் அது சர்க்கரை இறங்கியதன் அடையாளம். அப்போது சீனிதான் மருந்து. மூன்று கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடியுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடி குடியுங்கள். பிறகு சாப்பிடுங்கள், கிளினிக்கில் சொல்லுங்கள். கொழுந்துப் பையில் ஒரு சிறு பொட்டலம் சீனி எப்போதும் இருக்கட்டும்.

35 வயது தாண்டியவர்கள் அரச மருத்துவமனையோடு இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்தில் இலவசமாகப் பரிசோதிக்கலாம். வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 100-க்குள் இருந்தால் நல்லது. 100 முதல் 125 வரை எச்சரிக்கை மணி. 126-ஐத் தொட்டால் மறுபடி பரிசோதித்து வைத்தியரைப் பாருங்கள். பரிசோதனைக்குப் போனால் அன்றைக்குப் பேர் விழாதே, நாள் சம்பளம் போய்விடுமே என்று யோசிப்பீர்கள். ஒரு நாள் பேர் போவதை நினைக்கும்போது, கால் புண் ஆறாமல் மாதக்கணக்கில் வார்டில் படுத்திருப்பவரின் பேரையும் சேர்த்து நினையுங்கள்.

இத்தனையும் மறந்துபோனாலும் பரவாயில்லை, ஒன்றை மட்டும் இன்றிரவே செய்யுங்கள். கேத்தலில் சீனி போடாதீர்கள். சாயத்தை வெறுமையாக ஊற்றி, சீனியை ஒரு தட்டில் நடுவே வையுங்கள். வேண்டியவர் வேண்டியதை எடுக்கட்டும். வந்தவருக்கும் அப்படியே கொடுங்கள். மரியாதை குறையாது, அளவு மட்டும் அவரவர் கைக்கு வந்துவிடும்.

போன மாதம் அக்கா ஊருக்கு வந்திருந்தாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். தட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். குவளை காலியான பிறகு கையை விரித்து என்னிடம் காட்டினாள். நாலு மணிச் சீனி மிச்சம் இருந்தது. இந்தத் தடவை அவள் அதைத் தின்னவில்லை. கையைத் தட்டிவிட்டு எழுந்து போனாள்.

தங்கச்சி, பேச்சு முடிந்தது. இன்னொரு குவளை தருவீர்கள் என்று தெரியும். இந்தத் தடவை தூரத்திலிருந்து வந்தவன் என்று நினைக்காமல், வீட்டு ஆளாக நினைத்து ஊற்றுங்கள்.